கவிழாத கை

நகரத்தை ஒட்டிய ஜெல்-தோபோ தெருவில் வீடில்லாதவர்களுக்கு வீடு கொடுக்கும் வேலையை இரண்டு தரப்பு செய்துவந்தது. ஒன்று, நகரத்து வீட்டுவசதி மேம்பாட்டுத் துறை. அது நாலு வருஷமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. இன்னும் யார் கைக்கும் வந்து சேரவில்லை. இன்னொன்று, அந்தத் தெருக்காரர்கள். அவர்கள் கொடுப்பதாக எங்கேயும் பேசியதில்லை. ஆனாலும் வருஷத்துக்கு இரண்டு மூன்று வீடு எழும்பிவிடுகிறது.

துறையின் சார்பில் மினிபஸ் நிற்கும் முக்கில் ஒரு பெரிய விளம்பரப் பலகை இருந்தது. எட்டு மாடிக் கட்டடம், பால்கனி தோறும் பூந்தொட்டி, புல்வெளியில் பலூன் பிடித்தபடி ஒரு குழந்தை. ‘நாளைய இல்லம்: எளியோருக்கும் எட்டும் விலையில்’ என்று மேலே எழுதியிருந்தது. பலகையின் காலடியில் மூன்று அடிக்கற்கள். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் துறைத்தலைவர் ஷர்ஷென்பெக் ஒமூரொவிச் பேண்டு வாத்தியத்தோடு வந்து, ரிப்பன் வெட்டி, ஒரு கல்லை நட்டுவிட்டுப் போவார். இதே வேகத்தில் போனால் நம் பேரப்பிள்ளைகள் காலத்துக்குள் அடிக்கல்லாலேயே முதல் மாடி எழும்பிவிடும் என்று தச்சன் கெரிம்குல் சொல்லுவான்.

தெருக்காரர்களிடம் இருந்தது அஷார். ஒரு வீட்டுக்காக ஊரே இறங்கி மண் மிதிப்பதற்குக் கிர்கிஸ்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அது. கூலி கிடையாது, வேலை செய்தவர்களுக்கு வயிறு நிறையச் சாப்பாடு, அவ்வளவுதான். இந்த வருஷம் யாருக்கு வீடு என்பதைப் பனி உருகியதும், தெருவுக்கே பெரியவளான ஸூரா அக்காவின் முற்றத்தில் கூடிச் சண்டை போட்டு முடிவு செய்வார்கள். அந்தச் சண்டைக்கு ஒரே ஒரு விதி: எவரும் தனக்காகப் பேசக்கூடாது. அடுத்தவர் படும் பாட்டைச் சொல்லித்தான் கத்தலாம். ஆகவே யாருடைய கஷ்டமும் அங்கே குறைத்துச் சொல்லப்பட்டதில்லை.

அப்படி இந்த வருஷம் தெருவே தொண்டை கிழியக் கத்தி வாங்கிக் கொடுத்த வீடு புருல்ச்சாவுடையது. புருல்ச்சா தையல்காரி. நகரத்தில் ஒரு தையல் பட்டறையின் நிலவறையில், துணி வெட்டும் மேஜைக்கு அடியில், இரண்டு பெண் பிள்ளைகளோடு குடித்தனம் நடத்திவந்தாள். அந்த இடத்தில் இன்னொரு மெஷின் போடலாமே என்று முதலாளிக்கு ஒருநாள் தோன்றிவிட்டது. மெஷின் உள்ளே வந்தது. இவர்கள் வெளியே வந்தார்கள். அன்றிலிருந்து ஸூரா அக்கா வீட்டு வெந்நீர்க் குளியலறையில் வாசம். சனிக்கிழமைதோறும் அந்த வீட்டார் குளிக்கவேண்டும் என்பதால் படுக்கையைச் சுருட்டி வெளியே வைத்துவிட்டு, எல்லாரும் குளித்து முடிந்ததும் ஈரத்தரையில் மறுபடி விரிக்க வேண்டும். சின்னவளுக்கு இருமல் நின்றபாடில்லை.

மற்றவர்கள் வீட்டுக்கெல்லாம் மண் மிதித்து வெடித்த பாதங்களோடு புருல்ச்சா ஜூன் மாதம் தன் வீட்டுக்கு மண் மிதித்தாள். தெருவே கூட மிதித்தது. வைக்கோல் கலந்து, அச்சில் போட்டு, வெயிலில் காயவைத்த பச்சைச் செங்கல். ஆகஸ்டில் சுவர் நின்றது. பிறகு மரம் கிடைக்கவில்லை, மரம் கிடைத்தபோது ஓட்டுத்தகடு கிடைக்கவில்லை. எல்லாம் கிடைத்தபோது அக்டோபர். மலை முகட்டில் மேகம் கறுத்துக்கொண்டு நின்றது. கூரை போடாத பச்சைச் செங்கல் சுவரில் நல்ல மழை ஒன்று விழுந்தால் சுவர் பழையபடி சேறு.

மழையோடு போயிருந்தால் தெருக்காரர்கள் சமாளித்திருப்பார்கள். துறைக்கும் அந்த வீட்டின்மேல் கண் விழுந்தது. காரணம் சின்னது. சாலையிலிருந்து பார்த்தால் புருல்ச்சாவின் சுவர் அந்த விளம்பரப் பலகையின் கீழ்ப்பாதியை மறைத்தது. புல்வெளி தெரியவில்லை, பலூன் மட்டும் தெரிந்தது. திங்கட்கிழமை வெளிநாட்டு விருந்தினர்கள் வரப்போகிறார்கள், நாலாவது அடிக்கல் நடப்போகிறார்கள். வீட்டின் படத்தை ஒரு வீடு மறைத்துக்கொண்டு நின்றால் விருந்தினர்கள் என்ன நினைப்பார்கள்? எனவே, அதை இடித்துவிடுவது என்று துறை முடிவு செய்தது. கூரை ஏறி, அடுப்பும் எரிந்துவிட்டால் அது வீடு. இடிக்க நீதிமன்றம் போகவேண்டும். கூரை இல்லாதது வெறும் சுவர். அதைக் கேட்க நாதி கிடையாது. இந்த விதி துறைக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். அதனால் சனிக்கிழமை காலையில் தெரு முழுக்கக் கூரை போட வந்தது. மத்தியானம் புல்டோசரும் வந்தது.

முன்னால் கறுப்புக் கார். பின்னால், சாலையையே உழுதுகொண்டு, மஞ்சள் இயந்திரம். கார் ஓடைப் பக்கத்துச் சேற்றைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றது. கைப்பை தூக்கும் இளைஞன் முதலில் இறங்கி, தலைவர் கால் வைக்கத் தோதான இடமா என்று மிதித்துப் பார்த்தான். பிறகு ஷர்ஷென்பெக் ஒமூரொவிச் இறங்கினார். தகப்பனார் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டால்தான் அவர் காதில் விழும்.

புருல்ச்சா ஏணியில் பாதியில் நின்றாள். உத்தரங்கள் ஏறிவிட்டன, ஒரு பக்கச் சரிவில் ஓட்டுத்தகடு பாதிக்கு வந்துவிட்டது. மீதி எல்லாம் வானம்.

“எல்லாரும் வெளிய வாங்க! சட்ட விரோதக் கட்டுமானம்!” என்றான் கைப்பைக்காரன்.

ஆனால் துறை ஒரு தப்புச் செய்துவிட்டது. சரியாகக் கறிக் கொப்பரையைத் திறக்கிற நேரத்துக்கு வந்துவிட்டது. ஸூரா அக்கா மூடியை எடுத்திருந்தாள். ஆட்டுக்கறி வாசம் தெரு முழுக்க எழும்பி நின்றது. தெருக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கிய ஆடு.

ஸூரா அக்கா கரண்டியோடு நேரே காருக்குப் போனாள். “வாங்க தம்பி, வாங்க. நல்ல நேரத்துக்கு வந்திருக்கீங்க. கை கழுவுங்க.”

“நாங்க சாப்பிட வரலை, அம்மா” என்றார் தலைவர். சொல்லும்போதே மூக்கு கொப்பரைப் பக்கம் திரும்பிவிட்டது.

“சாப்பாட்டு நேரத்துல வந்துட்டுச் சாப்பிடாம போறதா? எங்க தெருவுக்கு அவமானம் பண்ணவா வந்தீங்க? டேய் புல்டோசரு, நீயும் இறங்கு!”

புருல்ச்சா ஏணியிலிருந்து குதித்து ஸூராவின் கையைப் பிடித்து இழுத்தாள். “அக்கா, உனக்குக் கிறுக்கா? என் வீட்டை இடிக்க வந்தவனுக்கு விருந்தா?”

“விருந்தாளி விருந்தாளிதான்டி.”

“தலை யாருக்கு?”

“இருக்கறதுல பெரிய ஆளு அவருதானே...”

“ஆட்டுத்தலையை அந்தாளுக்குக் குடுத்தா நான் கொப்பரையைக் கவுத்துடுவேன்.”

“கவுத்தா பிள்ளைங்க பட்டினி. போடி, போய்த் தண்ணி ஊத்து.”

கெரிம்குல் கூரையிலிருந்து எட்டிப் பார்த்தான். “குடுத்துடு புருல்ச்சா. தலையில்லாதவங்களுக்குத்தானே தலை வேணும்?”

புருல்ச்சா சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு செம்பை எடுத்து, விருந்தாளிகளின் கையில் தண்ணீர் ஊற்றினாள். தலைவர் கையில் ஊற்றிய தண்ணீர் கொஞ்சம் சூடு அதிகம்.

விருந்து அந்தக் கூரையில்லாத அறைக்குள்தான் நடந்தது. மண்தரையில் மெத்தை விரித்து, வாசலுக்கு எதிரே, பெரியவர்களை உட்கார வைக்கும் இடத்தில் ஷர்ஷென்பெக் ஒமூரொவிச் உட்கார்ந்தார். தலைக்கு மேல் உத்தரமும் மேகமும். வேகவைத்த ஆட்டுத்தலை தட்டில் அவர் முன்னால் வந்து அமர்ந்தது. இரண்டு முகங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன; வெட்கப்பட்டது எது என்று சொல்லமுடியாது. அவர் ஒரு காதை அறுத்துக் கைப்பைக்காரனுக்குக் கொடுத்தார், அதுதான் முறை. புல்டோசர் ஓட்டி வந்த தோக்தோசுன் ஒரு தொடையெலும்பைப் பிடித்துக்கொண்டு வேறெதையும் பார்க்கவில்லை. ஐந்து நிமிஷத்துக்குச் சட்ட விரோதக் கட்டுமானத்துக்குள் எலும்பு உறிஞ்சும் சத்தம் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

சாப்பாடு முடிந்தால் ஆசி சொல்ல வேண்டும். யார் முன்னால் தலை வைக்கப்பட்டதோ அவர் உள்ளங்கைகளை வானம் பார்க்க விரித்துச் சொல்லுவார், மற்றவர்கள் கையேந்தி உட்கார்ந்திருப்பார்கள். அறை நிறைய ஆட்கள் கையேந்தித் தன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பேசாமல் எழுந்துபோகும் சக்தியை ஆண்டவன் ஷர்ஷென்பெக் ஒமூரொவிச்சுக்குக் கொடுக்கவில்லை. மைக் இல்லாததுதான் குறை.

அவர் கைகளை விரித்தார். தொண்டையைச் செருமினார்.

“இந்த வீட்டின் வாசல் என்றும் திறந்திருக்கட்டும். இந்த அடுப்பின் புகை நேராக எழும்பட்டும். இங்கே கொப்பரை காயாதிருக்கட்டும், தொட்டில் ஓயாதிருக்கட்டும். இந்தச் சுவர்கள் நூறு குளிர்காலம் பார்க்கட்டும். பகைவர் இதன் படியை மிதிக்காதிருக்கட்டும். எமது துறையின் தொலைநோக்குத் திட்டங்களின் நிழலில்...” திட்டங்களில் கொஞ்சநேரம் உலாவிவிட்டுத் திரும்பி வந்தார். “...இங்கே வாழ்வோர் பல்கிப் பெருகட்டும். ஓமீன்!”

“ஓமீன்!” என்று எல்லாரும் கைகளால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். தோக்தோசுனும் எலும்பைக் கீழே வைத்துவிட்டுத் துடைத்துக்கொண்டான். மனுஷன் நல்லாத்தான் சொன்னான் என்று பின்வரிசையில் ஒரு கிழவர் முணுமுணுத்தார்.

தலைவர் எழுந்து, கோட்டைத் தட்டிவிட்டு, பல் குத்திக்கொண்டே சொன்னார்: “சரி தோக்தோசுன், எஞ்சினைப் போடு.”



“அண்ணே” என்றாள் புருல்ச்சா.

“ஷர்ஷென்பெக் ஒமூரொவிச்” என்று கைப்பைக்காரன் திருத்தினான்.

“அவரு பேரு எனக்குத் தெரியும், மூணு கல்லுல செதுக்கி வெச்சிருக்கு. அண்ணே, இந்தச் சுவரு நூறு குளிர்காலம் பாக்கட்டும்னு இப்பதான் சொன்னீங்க. நாங்க எல்லாம் ஓமீன் சொன்னோம். அது இப்ப இந்தச் சுவரு மேல இருக்கு. அதோட சேத்து இடிக்க முடியாது. முதல்ல அதை எடுங்க.”

“எதை எடுக்கறது?”

“ஆசியை. எப்படி எடுக்கறதுன்னு உங்களுக்குத் தெரியாதா?” அவள் தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள், உள்ளங்கை மேலே பார்த்தது. “இப்படிச் சொன்னீங்க. இப்பக் கவுத்துச் சொல்லுங்க. உள்ளங்கை தரையப் பாக்கணும். இந்தக் கொப்பரை காயட்டும், இந்தப் பிள்ளைங்க நடுத்தெருவுல நிக்கட்டும்னு சொல்லுங்க. சொல்லிட்டு இடிங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்.”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். “ஏய்! அந்தப் பேச்சை எடுக்காதடி!” என்று ஸூரா அக்காவே பதறினாள். கையைக் கவிழ்த்துச் சொல்லும் சொல் அந்த மண்ணில் விளையாட்டு இல்லை. பெற்ற தகப்பன் கவிழ்த்தால் பிள்ளைக்கு ஊரில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். அநியாயமாகக் கவிழ்த்தால் கவிழ்த்தவன் வாசலுக்கே அது திரும்பிப் போகும் என்பார்கள்.

“இதெல்லாம் மூடநம்பிக்கை” என்றார் ஷர்ஷென்பெக் ஒமூரொவிச். “நான் படிச்சவன்.”

“படிச்சவங்களுக்கு இன்னும் சுலபம். சும்மா கையத் திருப்பற வேலை. திருப்புங்க.”

“நான் அரசாங்க ஊழியன். என் தனிப்பட்ட ஆசிக்கும் துறையோட நடவடிக்கைக்கும் சம்பந்தம் கிடையாது.”

“தலையத் தின்னது துறையா, நீங்களா?”

எங்கிருந்தோ ஒரு சிரிப்புத் தெறித்தது. தலைவர் கைகளை முன்னால் நீட்டினார். நீட்டியது உண்மை. எல்லாரும் பார்த்தார்கள். சாம்பல்நிறக் கோட்டிலிருந்து கொழுப்பு மினுங்கும் இரண்டு கைகள் வந்தன, வானத்தைப் பார்த்தபடி நின்றன. மணிக்கட்டு வரை ஒரு சின்ன அசைவு. பிறகு, இடது கை திடீரென்று கடிகாரத்தில் நேரம் பார்க்கக் கிளம்பியது. வலது கை கோட்டுப் பொத்தானைப் போட்டது.

“கை சுளுக்கா, தலைவரே? இறங்கி வந்து உருவி விடட்டுமா?” என்றான் கெரிம்குல்.

“எஞ்சினைப் போடுன்னு சொன்னேனே!” தலைவரின் குரல் உடைந்தது.

தோக்தோசுன் தரையைப் பார்த்தான். “என்னால ஆகாது, ஒமூரொவிச். நான் ஓமீன் சொல்லிட்டேன். என் பொண்டாட்டிக்கு இது நிறைமாசம். நீங்க கையக் கவுத்துச் சொல்லிட்டா, யோசிக்கலாம்.”

“உன் வேலை போயிடும்!”

“போகட்டும்” என்றான். “வேலை போனா வேற வேலை. கறி நல்லா இருந்துச்சு, அக்கா.” இயந்திரத்தில் ஏறினான், திருப்பினான், போய்விட்டான்.

“நடவடிக்கை தற்காலிகமாக ஒத்திவைக்கப்படுகிறது” என்று தலைவர் அறைக்கு அறிவித்தார். காரை நோக்கி நடந்தவர் பாதியில் நின்று திரும்பினார்; மனுஷனுக்கு ஒரு நல்ல பதில் தாமதமாகக் கிடைத்திருந்தது. “நாளைக்குச் சாப்பிடாதவன் ஒருத்தன் வருவான்!”

“அவனையும் அனுப்புங்க! பட்டினியாவே அனுப்புங்க!” என்று புருல்ச்சா கத்தினாள். காரின் கதவு சாத்தியபிறகும் கத்திக்கொண்டிருந்தாள். கோபத்திலா பயத்திலா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

ஸூரா அக்கா அவள் முதுகில் ஒன்று வைத்தாள். “கூப்பாடு போட்டா தகடு தானா ஏறுமா? ஏறுடி மேல.”

ஏறினார்கள். இருட்டும்வரை அடித்தும் எதிர்ச் சரிவு பாதியில் நின்றது. அன்றிரவு குளியலறையில் புருல்ச்சா மழைச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே கிடந்தாள். மழை வரவில்லை.

விடிந்ததும் புது இயந்திரம் வந்தது. முந்தினதைவிடப் பெரிசு. உள்ளே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தன், இருபத்தைந்து வயசு இருக்கும். கண்ணாடிச் சன்னலை இறுக்க ஏற்றி, கதவைப் பூட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கொடுத்திருந்த உத்தரவு சுலபமானது: எதையும் தின்னாதே, எதையும் குடிக்காதே, ஆசி எதற்கும் வாயைத் திறக்காதே, இடி.

கெரிம்குல் கூரையில் இருந்தான். கையில் சுத்தியல், வாயில் ஆணி, கீழே இன்னும் ஒரு கட்டுத் தகடு. அடுப்பைப் புருல்ச்சா மூட்டிவிட்டாள். புகை குழாய் வழியாகக் கொஞ்சமும், மூடாத கூரை வழியாக மீதியும் போனது.

இயந்திரத்தின் முன்னாலிருந்த இரும்பு அலகு கீழே இறங்கியது. புருல்ச்சா ஓடிப்போய் உருட்டுக்கட்டை ஒன்றையும் எடுக்கவில்லை. தட்டில் ரொட்டியும் கிண்ணத்தில் தேநீரும் எடுத்துக்கொண்டு அலகுக்கு முன்னால் போய் நின்றாள்.

“வா தம்பி, ரொட்டி ஒரு விள்ளல் எடுத்துக்கோ.”

அவன் தலையை ஆட்டினான். ஹாரன் அடித்தான்.

ரொட்டியை நீட்டினால் ஒரு விள்ளலாவது எடுத்துத்தான் ஆகவேண்டும். பசிக்காவிட்டாலும், சண்டைக்காரன் நீட்டினாலும். அது எந்தத் துறையும் போடாத சட்டம். ஸூரா அக்கா தன் ரொட்டியோடு வந்தாள். எதிர்வீட்டுக்காரி வந்தாள். புருல்ச்சாவின் பெரியவள் வெண்ணெயோடும், சின்னவள் இருமிக்கொண்டே ஜாம் குப்பியோடும் வந்தார்கள். வீட்டுக்கு ஒரு தட்டு. இயந்திரத்தின் முன்னாலும் பின்னாலும் பக்கவாட்டிலும் ரொட்டி.

“எடுத்துக்கோ ராசா!”

“யாரு வீட்டுப் பிள்ளைடா நீ? உங்கம்மா ரொட்டியை மறுக்கச் சொல்லிக் குடுத்தாளா?”

“கண்ணாடியக் கழட்டு, முகத்தப் பாப்போம்! மாப்பிள்ளைக்கு ஆகுமா ஆகாதான்னு!”

“அடுத்த வருஷம் உனக்கே வீடில்லைன்னா இங்கதான் வருவ! நான்தான் உனக்காகக் கத்துவேன், நினைவு வெச்சிக்கோ!”

மேலே சுத்தியல் நிற்கவில்லை. தகடுகள் கை மாறி ஏறிக்கொண்டிருந்தன. உள்ளே இருந்தவன் செல்போனில் யாரிடமோ பேசினான். போனுக்குள்ளிருந்து ஒரு குரல் அலறியது வெளியே வரைக்கும் கேட்டது. அவன் அலகை ஏற்றினான், இறக்கினான். வெயில் ஏறியது. பூட்டிய கண்ணாடிக்குள் அவன் முகத்தில் வேர்வை வழிந்தது. புருல்ச்சாவுக்குக் கை வலித்தது. தட்டைத் தாழ்த்தவில்லை.

கடைசியில் சன்னல் நாலு விரல் அகலத்துக்கு இறங்கியது.

“அக்கா, வழி விடுங்க. நான் கூலிக்காரன்.”

“நானும்தான். ரொட்டி எடுத்துக்கோ.”

அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். சின்னப் பையன் முகம். சன்னல் இடுக்கு வழியாக இரண்டு விரல் வெளியே வந்து, அவள் ரொட்டியில் ஓரமாக ஒரு விள்ளல் கிள்ளியது. வாயில் போட்டு மென்றான். மெல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“வெறும் ரொட்டி நெஞ்சை அடைக்கும், டீயையும் குடி” என்றாள் புருல்ச்சா. சன்னல் இன்னும் இறங்கியது. கிண்ணம் உள்ளே போனது.

“முடிஞ்சுது!” என்று கூரையிலிருந்து கெரிம்குல் கத்தினான். “கடைசித் தகடு! இனிமே இது வீடு! போய்க் கோர்ட்டுல பாத்துக்கச் சொல்லு!”

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். புகை முழுக்கக் குழாய் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. பையனும் எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் தெரிந்தது ஆறுதல் என்று ஸூரா அக்கா பிற்பாடு சத்தியம் செய்தாள். கியரைப் போட்டான். இயந்திரம் பின்பக்கமாக நகர, பெண்கள் தட்டுகளோடு விலகினார்கள். பலகைப் பக்கம் திரும்பி, அடிக்கற்களைச் சுற்றிக்கொண்டு, சாலையில் ஏறியது.

அப்போதுதான் புருல்ச்சாவுக்குப் பொறிதட்டியது. வெறும் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சாலையில் பின்னாலேயே ஓடினாள்.

“ஏய்! நில்லுடா! என் கிண்ணம்! வீட்டுக்கே மூணு கிண்ணம்தான்டா இருக்கு!”